தோட்டங்களும் மாடிகளும்: ஒரு மறுப்பு

கொழும்பு நகரின் வடபகுதியையும் மத்திய பகுதியையும் பற்றி நாளிதழ்களில் வெளிவரும் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்போர், அவை இருவகைப்பட்டு அமைதலை இலகுவிற் கண்டுகொள்வர். ஒருவகை பாதுகாப்புச் செய்தி: மாளிகாவத்தையிற் சுற்றிவளைப்பு, கிராண்ட்பாஸிற் போதைப்பொருளுடன் இளைஞர் கைது, வனாத்தமுல்லையிற் பொலிஸாரின் தேடுதல். மற்றையது அபிவிருத்திச் செய்தி: அடிக்கல் நாட்டல், நாடா வெட்டல், கையிலே திறவுகோலுடன் புன்னகைக்கும் குடும்பமொன்றின் நிழற்படம். இரண்டும் ஒரே மக்களைப் பற்றிய செய்திகள். முதலாவதில் அவர்கள் அச்சத்துக்குரியோர். இரண்டாவதில் நன்றிக்கடன் பட்டோர். அம்மக்கள் தாமே வாய் திறந்து பேசும் மூன்றாவது வகைச் செய்தி அரிதாகவே வெளிவரும். வெளிவரின், பெரும்பாலும் எவரேனும் இறந்த பின்னரே வெளிவரும்.

இவ்விரு செய்திகளையும் இணைத்து ஒரு வாதம் கட்டியெழுப்பப்பட்டுள்ளது. தோட்டங்கள் குற்றத்தின் விளைநிலங்கள். அவற்றை அகற்றி மக்களை மாடிக் குடியிருப்புகளில் அமர்த்தினால் நகரும் பாதுகாப்புப் பெறும், மக்களும் முன்னேறுவர் என்பதே அவ்வாதம். அமைச்சர்களின் மேடைகளில் மாத்திரம் இது ஒலிப்பதாயிருப்பின் மறுக்க வேண்டிய அவசியம் பெரிதன்று. பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களிலும், வெள்ளவத்தையின் வரவேற்பறைகளிலும், தம்மை முற்போக்காளர் எனக் கருதுவோரின் உரையாடல்களிலும் அது கேள்விக்குள்ளாகாத உண்மையாக உலவி வருகின்றமையே இம்மறுப்புக்குக் காரணம்.

கொழும்புத் தமிழிலே ‘தோட்டம்’ எனும் சொல் மலையகத் தேயிலைத் தோட்டத்தைக் குறிப்பதன்று. துறைமுகத்திலும் புகையிரதப் பகுதியிலும் பண்டசாலைகளிலும் உழைத்தோருக்காக நிலவுடைமையாளர் நெருக்கமாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகளின் தொகுதியே அது. ஒரு வாயில், ஒரு நீர்க்குழாய், பொதுவான மலகூடம், இரு மருங்கிலும் அறைகள். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தென்னிலங்கைக் கிராமங்களிலிருந்தும் வந்தோர் அங்கே அயலவராயினர். கொம்பனித்தெருவில் இவர்களோடு மலாயரும் சேர்ந்தனர். 1873 இல் கலைக்கப்பட்ட இலங்கை றைபிள் படைப்பிரிவில் ஊழியம் புரிந்த மலாய்க் குடும்பங்களின் நினைவை மலே வீதியும் ஜாவா லேனும் தம் பெயர்களிலே தாங்கி நின்றன. கொழும்பின் உழைப்பாளர் வரலாறு எழுதப்படும்போது அதன் முதலாவது அத்தியாயம் இத்தோட்டங்களிலேயே தொடங்குதல் வேண்டும்.

இம்மக்களை எவ்வாறு நடத்துவது என்பதில் அரசின் நோக்கு எக்காலத்தும் ஒன்றாயிருக்கவில்லை. 1973 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சொத்து உச்சவரம்புச் சட்டம், அன்றைய வீடமைப்பு அமைச்சர் பீற்றர் கெனமனின் காலத்தில் நிறைவேறியது. பல வீடுகளை வைத்திருந்தோரின் மேலதிக வீடுகள் அரசுடைமையாயின. தோட்டங்களின் வாடகைக் குடிகள் பலர் உரிமை நோக்கிய முதலடியை அப்பொழுதே எடுத்து வைத்தனர். அடுத்து வந்தது முற்றிலும் வேறான அரசு. திறந்த பொருளாதாரத்தைக் கொணர்ந்த அவ்வரசிலும் மத்திய கொழும்பிலே பிறந்து வளர்ந்த ரணசிங்க பிரேமதாசவின் வீடமைப்புத் திட்டங்கள், 1984 இல் ஆரம்பமான பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் சிறப்பாக, மக்கள் இருந்த இடத்திலேயே இருந்து தம் வீட்டைத் தாமே திருத்துதற்குச் சிறு கடனும் நிலவுரிமையும் நீர்க்குழாயும் வழங்குவதை அடிப்படையாகக் கொண்டன. வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக 1987 ஐ ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்தமை இலங்கையின் முன்மொழிவின் பயனாகும். பிரேமதாசவின் அரசியல் பற்றிக் கடுமையான கண்டனங்கள் கூறப்படலாம், கூறப்படவும் வேண்டும். எனினும் தோட்டத்து மனிதனைத் தன் வீட்டைத் தானே கட்டத் தெரிந்தவனாக அத்திட்டம் கருதியது என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

2010 இல் இந்நோக்கு தலைகீழாயிற்று. 1978 இல் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி அதிகார சபை அவ்வாண்டிலே பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. நகரத்தைத் திட்டமிடுதலும் யுத்தத்தை நடத்துதலும் ஒரே செயலாளரின் மேசைக்கு வந்தன. அதே ஆண்டு மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இராணுவத்தினரின் பிரசன்னத்துடன் இடித்தழிக்கப்பட்டன. பாதுகாப்பும் அபிவிருத்தியும் செய்தித்தாளில் மாத்திரமன்றி நிர்வாகத்திலும் ஒன்றாயினமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதிகார சபையின் அன்றைய கணக்கு வருமாறு: கொழும்பு நகரில் 1,499 குடியிருப்புத் தொகுதிகளில் 68,812 குடும்பங்கள் வாழ்ந்தன, அவை பிடித்திருந்த நிலம் ஏறத்தாழ 900 ஏக்கர். குடும்பங்களின் எண்ணிக்கையோடு ஏக்கரின் எண்ணிக்கையும் எப்பொழுதும் சேர்த்தே சொல்லப்பட்டமை கவனத்துக்குரியது. மக்களை மேல்நோக்கி அடுக்கினால் நிலம் விடுபடும். விடுபட்ட நிலம் முதலீட்டாளருக்குச் செல்லும். அவ்வருவாயில் மாடிகள் எழும். இத்திட்டத்தின் இதயம் இதுவே, இதனை அதன் ஆதரவாளரும் மறைத்ததில்லை. ஆனால் இது வீடமைப்புத் திட்டம் என அழைக்கப்படும்போது சொல்லுக்கும் பொருளுக்குமிடையே பெரும் பிளவு தோன்றுகிறது. 1872 இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய ஏங்கெல்ஸ், நகரின் மத்தியிலுள்ள உழைப்பாளர் குடியிருப்புகள் அகற்றப்படுவதற்குச் சுகாதாரமும் அழகும் காரணங்களாகக் காட்டப்படினும் நிலத்தின் விலையே அங்கு தொழிற்படுகிறது என்று விளக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளின் பின் பேரை வாவிக் கரையிலே அவ்விளக்கத்துக்குப் புதிய உதாரணம் தேட வேண்டியதாயில்லை. ஒல்லாந்தக் கொம்பனியின் பெயரால் வழங்கும் தெருவிலே இன்று வேறு கொம்பனிகள் வானளாவும் கோபுரங்களை எழுப்பியுள்ளன.

‘சேரி’ எனும் சொல்லையும் இங்கு சோதித்தல் தகும். 2002 இல் கொழும்பு மாநகர சபையும் செவனத்த எனும் அமைப்பும் வெளியிட்ட கணிப்பு, நகரில் 1,614 குடியிருப்புகளில் 77,612 குடும்பங்கள் வாழ்வதாகக் கூறியது. ஆயின் அவற்றுட் பெரும்பான்மையானவை ஏற்கனவே மேம்பாடு கண்டவை எனவும் அதே கணிப்பு வகைப்படுத்தியது. செங்கல் அல்லது சீமெந்துக் கல் சுவர், மின்சாரம், தனி நீர்க்குழாய், சில இடங்களில் இரண்டாவது மாடி எனப் பல தோட்டங்கள் வளர்ந்துவிட்டன. அவ்வளர்ச்சி எவரும் நாடா வெட்டித் திறந்து வைத்ததன்று. சீட்டுப் பணத்தாலும், மத்திய கிழக்கிலே பணிப்பெண்ணாய் உழைத்த தாயின் பணத்தாலும், சனி ஞாயிறுகளில் அயலவர் குழைத்த சாந்தாலும் எழுந்தது. ஆண்டுக்கு ஒரு சுவர், ஐந்தாண்டுக்கு ஒரு தளம். இதற்கு அபிவிருத்தி என்று பெயரிட எந்தப் பத்திரிகை ஆசிரியரும் முன்வரவில்லை.

இவ்வீடுகளை விட்டு வந்தோருக்கு மாடியிலே கிடைத்தது ஏறத்தாழ 400 சதுர அடி. அதுவும் பலருக்கு இலவசமன்று. ஐம்பதாயிரம் ரூபா முற்பணம், பின் மாதந்தோறும் 3,960 ரூபா வீதம் இருபது ஆண்டுகள். கூட்டினால் பத்து இலட்சம். சொந்தச் சுவரை இடிக்கக் கொடுத்தவர், இடித்தவருக்கே கடன்காரராகும் விந்தை இது. கீழ்த்தளமும் மேல்தளமுமாக இரு குடும்பங்கள் வாழ்ந்த வீட்டுக்கும் ஒற்றை அறை வீட்டுக்கும் ஈடாக அதே 400 அடிதான் என்றவாறு ஒரே அளவுகோல் பிரயோகிக்கப்பட்டமை பற்றி மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 முதல் வெளியிட்ட அறிக்கைகள் விரிவாகப் பதிவு செய்துள்ளன.

இனிப் பாதுகாப்பு. தோட்டத்தை அகற்றினாற் குற்றம் அகலும் எனும் கூற்றுக்கு ஆதாரம் எங்குள்ளது? அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் சேரிகளை அழித்து 1950களின் நடுப்பகுதியில் கட்டி முடிக்கப்பட்ட புறூயிற் ஐகோ குடியிருப்பு, பதினொரு மாடிகள் கொண்ட முப்பத்து மூன்று கட்டடங்களாக எழுந்தது. இருபது ஆண்டுகளும் நிறைவதற்குள், 1972 இல், அரசே அதனை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கியது. பராமரிப்புக்குப் பணம் இல்லை, தொழில் இல்லை, பழுதடைந்த மின்னுயர்த்திகளும் இருண்ட படிக்கட்டுகளும் எவருக்கும் சொந்தமற்ற வெளிகளாயின. ஒரு தெருவின் பாதுகாப்பு பொலிஸாரிலும் பார்க்க, அத்தெருவை இயல்பாக நோக்கிக்கொண்டிருக்கும் கண்களிலே தங்கியுள்ளது என ஜேன் ஜேக்கப்ஸ் 1961 இல் எழுதியதை நகரத் திட்டமிடல் மாணவர் யாவரும் பரீட்சைக்குப் படிக்கின்றனர். தோட்டத்து ஒழுங்கையிலே இடியப்பம் அவிக்கும் பெண்ணும், வாயிற்படியிலிருந்து சுருட்டுப் பிடிக்கும் கிழவரும், குழாயடியிற் சண்டையிடும் இருவரும் அத்தகைய கண்களே. பன்னிரண்டாவது மாடியின் மூடிய கதவுகளுக்கிடையேயுள்ள நீண்ட நடைவழியில் அக்கண்கள் இல்லை. இடியப்பம் அவிக்கும் பெண் அங்கே தொழிலையும் இழக்கிறாள். தெருவிலிருந்து வாங்குவோர் பன்னிரண்டு மாடி ஏறி வருவதில்லை. முச்சக்கர வண்டி ஓட்டுபவர் இரவிலே தம் வண்டியைப் பார்வைக்கு எட்டாத இடத்தில் விட்டு உறக்கமின்றிக் கிடக்கிறார். சாவு வீடு நடத்த முற்றமில்லை.

2023 டிசெம்பர் 17 இல் ‘யுக்திய’ எனும் பெயரிலே போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை ஆரம்பமாயிற்று. நான்கு வாரங்களுக்குள் 20,000 இற்கும் மேற்பட்டோர் கைதாயினர். நீதிமன்ற ஆணையின்றி வீடுகள் சோதனையிடப்பட்டமை, ஏழைகளின் குடியிருப்புகளே பெரிதும் இலக்காயினமை ஆகியன பற்றி ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியிற் கவலை வெளியிட்டனர். போதைப்பொருள் தோட்டங்களையும் மாடிகளையும் ஒருங்கே அரித்து வருவது உண்மை. அதனாற் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரே அதனை முதலிற் சொல்வர். ஆயின் கொள்கலனிலும் படகிலும் வந்திறங்கும் பொருளை ஒழுங்கையின் முடிவிலே தேடுவது எத்தகைய தேடல்?

பாதுகாப்பு எனும் சொல்லின் உண்மையான சோதனை மீதொட்டமுல்லையிலே நிகழ்ந்தது. புளூமெண்டல் குப்பைமேடு 2009 இல் உயர் நீதிமன்றக் கட்டளையால் மூடப்பட்டபோது கொழும்பின் குப்பைக்கு வேறிடம் தேவையாயிற்று. கொலன்னாவைப் பிரதேசத்தின் சதுப்பு நிலத்தில், சிறு துண்டு நிலத்திலே தற்காலிகமாக எனத் தொடங்கிய கொட்டல், இருபது ஏக்கர் அளவுக்குப் பரந்தது. அதன் அடிவாரத்தில் வாழ்ந்தோர் வீதியில் இறங்கினர், மனுக் கொடுத்தனர், மறியல் செய்தனர். அவர்களின் எதிர்ப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அக்காலத்தில் அது பாதுகாப்புச் செய்தியாகவும் கருதப்படவில்லை, அபிவிருத்திச் செய்தியாகவும் கருதப்படவில்லை. போக்குவரத்து இடையூறு என்ற அளவிலே நின்றது. 2017 ஏப்பிரல் 14, புத்தாண்டுத் தினத்தன்று, குப்பைமலை சரிந்து வீடுகளை மூடிற்று. முப்பத்திரண்டு பேர் மாண்டனர்.

அதன் பின்னர் அரசு முதலிற் செய்தவற்றுள் ஒன்றை மறத்தல் ஆகாது. ஒரு வாரம் கழியுமுன் வெளியான வர்த்தமானி அறிவித்தல், குப்பை அகற்றலை அத்தியாவசிய சேவையாகப் பிரகடனம் செய்தது. அதற்கு இடையூறு விளைவிப்போர் தண்டனைக்குரியோராயினர். இதற்குப் பயன்பட்ட சட்டத்தின் பெயர் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். குப்பையின் கீழ்ப் புதையுண்டோருக்குக் கிட்டாத பாதுகாப்பு, குப்பை ஏற்றிச் செல்லும் பாரவூர்திக்குக் கிட்டியது. அடுத்த மேடு எழவிருந்த ஊரின் மக்கள் எதிர்ப்புக் காட்டினால் அவர்களே குற்றவாளிகள். புத்தளம் அருவக்காட்டில் குப்பைத் திட்டத்தை எதிர்த்து மக்கள் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் தொடர்ந்து போராடியதை இதனோடு இணைத்துப் பார்த்தல் வேண்டும். தலைநகரின் அழகு எங்கோ ஓரிடத்தில் வறியவரின் வாயிலிலே கொட்டப்பட்டே தீர்கிறது.

தமிழ் வாசகரிடம் இவ்வாதத்துக்கு ஒரு தனித்த எதிர்ப்பு உண்டு. வெளிப்படையாகக் கூறப்படாத எதிர்ப்பு. 1983 யூலையிலே தீவைத்தோர் எங்கிருந்து வந்தனர் என்பதே அது. பொரளை மயானத்தில் ஆரம்பித்த வன்செயல் அருகிலிருந்த தோட்டங்களினூடாகப் பரவியது எனும் நினைவு ஒரு தலைமுறையின் உள்ளத்திலே ஆழப் பதிந்துள்ளது. அந்நினைவைப் பொய்யென ஒதுக்குவது கொடுமையாகும். ஆயினும் காடையரின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தமையும், அரச வாகனங்கள் அவர்களை ஏற்றி இறக்கியமையும் அக்காலத்திலேயே பலராற் பதிவு செய்யப்பட்டவை. இடாப்பு தோட்டத்திலே அச்சாவதில்லை. வறியவனைக் கூலிக்கு அமர்த்தியவர் மாளிகைகளில் இருந்தனர். அதே தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரோ, தப்பியோடக் காரும் கப்பலும் இன்றி, அயலவரின் கட்டிலுக்கடியில் ஒளிந்து உயிர் தப்பினர், அல்லது தப்பாது போயினர். எரிந்த வெள்ளவத்தையைப் பாடிய கவிதைகள் பல. இவர்களைப் பாடியவை மிகச் சில.

மேலும், பாதுகாப்பின் பெயரால் மக்களை நகரிலிருந்து அகற்றும் அதிகாரம் யாரை நோக்கித் திரும்பும் என்பதைத் தமிழர் அனுபவத்தால் அறிவர். 2007 யூன் 7 ஆம் திகதி அதிகாலையில் கொழும்பின் விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் 370 இற்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அன்று கொதித்தெழுந்தோர், மூன்றாண்டுகளின் பின் மியூஸ் வீதி இடிபட்டபோது மௌனமாயினர். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாநகரிலே தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சேர்ந்து பாதிக்கு மேற்பட்டோர். அவர்களுட் பெருந்தொகையினர் இத்தோட்டங்களிலேயே வாழ்ந்தனர். தமிழரின் பிரச்சினை வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் மாத்திரமே உள்ளது எனும் வசதியான பூகோளவியல், கொம்பனித்தெருவையும் முகத்துவாரத்தையும் தன் படத்திலிருந்து அழித்துவிட்டது.

மாடிக்குச் சென்ற யாவரும் அழுதுகொண்டு சென்றனர் எனக் கூறுவதும் பொய்யாகும். கால்வாய்க் கரையிலே பலகை வீட்டில், ஒவ்வொரு பெருமழைக்கும் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலைக்கு ஓடியவர்களுக்கு மாடி வீடு மெய்யான மீட்சியாயிற்று. தனக்கென ஒரு மலகூடம் கிடைத்த பெண் அதனைச் சிறிய பேறெனக் கருதமாட்டாள். 2001 இல் பேஸ்லைன் வீதியருகே 671 வீடுகளுடன் எழுந்த சஹஸ்புர, விருப்பத்தின் பேரில் நிலத்தைக் கைமாற்றிக் குடிபுகும் கருத்திலேயே தொடங்கப்பட்டது. அதிலும் குறைகள் பல தோன்றின. ஆயினும் இராணுவ வாகனம் வாயிலில் நிற்க வீட்டை ஒப்படைப்பதற்கும் அதற்கும் வேறுபாடுண்டு. மறுக்கப்படுவது மாடியன்று, கேளாது ஏற்றுதலே மறுக்கப்படுகிறது.

கேட்டல் வேண்டும் என்பது எவரோ கண்ட கனவுமன்று. அமைச்சரவை 2001 இல் அங்கீகரித்த தேசிய மீள்குடியேற்றக் கொள்கை, இயன்றவரை இடம்பெயர்வைத் தவிர்த்தல், மாற்று வழிகளை ஆராய்தல், பாதிக்கப்படுவோரைக் கலந்தாலோசித்தல், உரிமைப் பத்திரம் இல்லாதோரையும் நியாயமாக நடத்துதல் என்பவற்றைத் தன் கோட்பாடுகளாகக் கொண்டுள்ளது. அரசு தானே எழுதியதைத் தானே வாசிக்க வேண்டும் என்பதே இங்குள்ள கோரிக்கை.

வாசிப்பு எனும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. குடிபெயர்க்கப்பட்ட தமிழ் பேசும் குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட பத்திரங்கள் சிங்களத்தில் மாத்திரம் இருந்தமை பற்றி முறைப்பாடுகள் எழுந்தன. பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது 1987 இல். அப்படியிருந்தும், பத்து இலட்சம் ரூபா கடனுக்குக் கையொப்பமிடும் பெண் தான் எதற்குக் கையொப்பமிடுகிறாள் என்பதை அயலவரிடம் கேட்டறிய வேண்டியவளாயினாள். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் முத்தமிழ் விழா எடுக்கின்றன. மொழியுரிமை பற்றிப் பட்டிமண்டபம் நடத்துகின்றன. அத்தகைய ஒப்பந்தம் ஒன்றைத் தெளிந்த தமிழிலே பெயர்த்து, மட்டக்குளியிலோ தெமட்டகொடையிலோ ஒரு மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மக்களுக்கு வாசித்துக் காட்டுதல் இரண்டு மாலைப்பொழுதுகளின் வேலை. சட்டபீட மாணவர் ஒருவரும் சிங்களம் நன்கறிந்த கலைப்பீட மாணவர் ஒருவரும் அதற்குப் போதும்.